ஞாயிற்றுக்கிழமைப் பேன்

பிள்ளைகளே, பேன் பார்க்க உங்கள் அம்மா கூப்பிட்டால் நீங்கள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் ஒளிந்தேன். ஆனால் பேன் பார்க்கச் சொல்லித் தானாக வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கு நான் செய்ததையும் உங்களுக்குச் சொல்லிவிடவேண்டும்.

எங்கள் வீடு சாந்தோமில், கடலோரக் குப்பத்தில் இருந்தது. நைனா கட்டுமரத்தில் போவார். அவர் கொண்டுவரும் மீனை அம்மா கூடையில் தூக்கிக்கொண்டு தேனாம்பேட்டை வரை நடந்து விற்றுவிட்டு வருவாள். எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது.

அந்த வருஷம் நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கியதும் மாதா கோவில் சாமியார் பூசையில் பிரசங்கம் வைத்தார். கன்னியர் மடத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் வளர்கிறார்கள், அவர்களுக்கு உங்களால் ஆனதைச் செய்யுங்கள் என்றார். பெரிய வீட்டுக்காரர்கள் அரிசியும் துணியும் அனுப்பினார்கள். ஒரு டாக்டர் வீட்டம்மா ஆர்மோனியம் கொண்டுபோய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அம்மா இரண்டு நாள் யோசித்தாள்.

"எனுக்கு பாட்டு தெரியுமா, படிப்பு தெரியுமா? பேன் பாக்கத் தெரியும். அதான் செய்யப்போறேன்" என்றாள்.

நைனா சிரித்துவிட்டார். "சேசுநாதருக்கு பேன் பாத்து வுடப்போறியா?"

"ஏன், அவரு தலைய சொறிஞ்சிகினு நம்ம வாசல்ல வந்து நின்னா பாக்கமாட்டனா?"

அடுத்த பூசையில் நான் சேசுநாதர் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் வரை முடி தொங்கியது. அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா குளித்து, மீன் வாடை போக எலுமிச்சம் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டு புறப்படுவாள். வீட்டில் விட்டால் கடலுக்கு ஓடிவிடுவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். மடத்துப் பின்தாழ்வாரத்தில், தலை அரிக்கிற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மா மடியில் வெள்ளைத் துணியை விரித்து, நெருங்கிய பல் வைத்த மரச்சீப்பால் வாருவாள். விழுகிற பேனைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து 'டக்'கென்று நசுக்குவாள். கை வேலை செய்ய, வாய் கதை சொல்லும். சந்தையில் யாரோடு சண்டை, எந்த மீன் கையைக் கடித்தது என்று எல்லாம் வரும். முடிந்ததும் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டு, "போ கண்ணு" என்பாள்.

வீட்டில் என் தலையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அசைந்தால் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். கதையும் கிடையாது, சிலுவையும் கிடையாது. இந்த வித்தியாசத்தை நான் கவனித்துவைத்திருந்தேன்.

பிலோமி என்று ஒரு பெண் வாராவாரம் தவறாமல் வருவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள் இருக்கும். இடுப்பு வரை முடி. சேசுநாதர் உயிர்த்தெழுந்த பாஸ்கு திருநாளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகப் பூசையில் அப்பம், வாங்க இருந்தாள். வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் காகிதப் பூமுடி வைப்பார்கள். அவள் தலைமுடியில்தான் தொல்லை. அம்மா ஒன்றுவிடாமல் எடுத்து அனுப்புவாள். அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடியும் மேய்ந்துகொண்டிருக்கும்.

பெரிய சிஸ்டர் கண்டிப்பானவர். "மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். குருத்து ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மொட்டைதான்" என்றார். குருத்து ஞாயிறு என்றால் பாஸ்குவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

"வேணாம் சிஸ்டர், நான் சுத்தம் பண்ணிடறேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"உன் கைக்கு அடங்காத பேனு கூட ஊர்ல கீதா?" என்று நைனா சீண்டினார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கோ வேறு கவலை. எடுத்த பேன் ஒரே வாரத்தில் எங்கிருந்து வருகிறது? நைனாவைக் கேட்டால் மணலிலிருந்து வருகிறது என்றார். என் சிநேகிதன் காக்காய் கொண்டுவந்து போடுகிறது என்றான். ஒரு பேனைத் தீப்பெட்டியில் அடைத்துவைத்து மூன்று நாள் பார்த்தேன். அது குட்டி போடாமல் செத்துப்போயிற்று.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. வரிசையில் பிலோமியைக் காணோம். தேடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அந்த வாரம்தான் மடத்துக்கு வந்து சேர்ந்த, ஓயாமல் தலையைச் சொறிகிற ஒரு சின்னப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிலோமி தன் பின்னலை அவிழ்த்துவிட்டு, தலையோடு தலையை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் தலையில் தடவிப் பார்த்தாள். ஏதோ கையில் அகப்பட்டது. திருப்தியோடு பின்னிக்கொண்டு வரிசைக்குக் கிளம்பினாள்.

நான் அவளை முந்திக்கொண்டு ஓடினேன். "அம்மா, கண்டுபுடிச்சிட்டேன்! பிலோமியேதான் பேன ஏத்திக்கறா!" சுவரில் என் தலையை ஒட்டவைத்துச் செய்தும் காட்டினேன். பெரிய சிஸ்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஏன் பிலோமி இப்படிச் செய்தாய்?"

பிலோமி தரையைப் பார்த்தாள்.

அம்மா கெட்டிக்காரன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதான் சிஸ்டர்" என்றாள். "சுத்தமா கீற தலைய நான் கூப்புடவே இல்ல."

இதில் அம்மாவின் தப்பு எங்கே வந்தது? எனக்குப் பிடிபடவில்லை. சிஸ்டர் பிலோமியின் பின்னலைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

குருத்து ஞாயிறு அன்று போனபோது பிலோமி மொட்டையாகத் தூணோரம் நின்றிருந்தாள். அன்றைக்குத் தலை அரிக்கிறதோ இல்லையோ, எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் உட்காரச் சொன்னாள் அம்மா.

"பிலோமி, இன்னாடி அங்க நின்னுகினு கீற? வா, குந்து."

"என் தலைல ஒண்ணும் இல்லியே."

"அத நான் பாத்து சொல்லணும்டி."

அவள் மெல்ல வந்து முதுகு காட்டி உட்கார்ந்தாள். அம்மா உள்ளங்கையில் எண்ணெய் விட்டுத் தடவினாள். இல்லாத முடியை விரலால் வகிர்ந்தாள். நகத்தோடு நகத்தை வைத்து 'டக்'.

"அடியே, இம்மாம் பெருசு! எங்க ஒளிஞ்சிகினு கீது பாரு!"

பிலோமியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஒரு 'டக்'. நான் கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். எண்ணெய் பளபளத்தது. வேறு ஒன்றுமே இல்லை. இடுப்பு வரை முடி இருந்தபோது எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரமும் அம்மா பார்த்தாள். கடைசியில் சிலுவை போட்டு, "பூமுடிய நூல் வச்சி நானே கட்டி வுடறேன், நயுவாது" என்றாள்.

வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. வீட்டுக்கு வந்ததும் வலை தைத்துக்கொண்டிருந்த நைனாவிடம் தனியாகச் சொன்னேன்: "நைனா, அம்மாவுக்கு கண்ணு போயிடிச்சி. மொட்டைத் தலைல பேன் எடுக்கறா."

நைனாவின் கை அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் குனிந்து ஊத ஆரம்பித்தாள். நைனா வழக்கம்போல் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.