தராசு காட்டாத மூன்று கிலோ

2023 ஜனவரி 7 – 47 கிலோ
மார்ச் 11 – 45 கிலோ
மே 13 – 42 கிலோ
ஜூன் 24 – 41 கிலோ
ஜூலை 29 – 39 கிலோ

இவை தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில், மாயாண்டியின் மகள் பிரியந்தியை நிறுத்த எடைகள். அவளுக்கு அப்போது வயது இருபது. பகலில் மலையில் கொழுந்து பறித்தாள். மாலையில் ஐயாயிரம் மீற்றர் ஓடப் பழகினாள்.

மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிறகு, ஓகஸ்டில் கண்டியில் நடக்கும் தேர்வு ஓட்டத்துக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அதில் முதல் நான்கு பேரைக் கொழும்பில் தங்கவைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அங்கே தனிக் கட்டில் உண்டு, சப்பாத்து உண்டு, தினமும் இரண்டு முட்டை உண்டு. மலையைவிட்டு இறங்க அவளுக்கு வேறு வழி இல்லை. அது அவளுக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவளைப் பழக்கியவர் டவுனில் இருந்த கஜேந்திரன் சார். "நாப்பத்திரண்டு கிலோவுக்கு வந்துரு பிள்ள. சுமை குறைஞ்சா கால் தன்னால பறக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவர் ஓடிய காலத்தில் அவருடைய சார் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அது வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று இருந்துவிட்டார்.

பிரியந்தி காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் சாப்பிடுவாள். மத்தியானம் மலையில் இன்னொரு ரொட்டி, சம்பல். இரவில் சோறு, பருப்பு. ஜனவரியில் மத்தியான ரொட்டியை நிறுத்தினாள். மார்ச்சில் இரவுச் சோற்றைப் பாதியாக்கினாள். அவள் ஒதுக்கிய ரொட்டியைத் தம்பி கிஷாந்த் தின்றான். அந்த வருஷம் கோதுமை மா விற்ற விலைக்கு யாரும் அவளைத் தின்னச் சொல்லி வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மாயாண்டி அவளை மடுவத்துக்குக் கூட்டிப்போவார். தராசுக் கொக்கியில் சாக்கைத் தொட்டில்போலக் கட்டி அதில் அவளை உட்காரவைப்பார்கள். நிறுக்கிறவர் வீரய்யா, மாயாண்டிக்கு ஒருவகையில் மருமகன் முறை.

மே மாதம் அவர் எண்ணைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்.

"நாப்பத்திரண்டு! ஏ புள்ள, இதுல கொழுந்தே இல்ல, வெறும் காம்பால்ல இருக்கு. ஃபெக்டரியில திருப்பி அனுப்பிருவாங்க."

பிரியந்தி சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினாள். வந்து சேர்ந்துவிட்டோம் என்று இருந்தது அவளுக்கு. அன்று இரவு வயிறாரச் சோறு தின்னலாம்.

"ரொம்பத் துள்ளாத" என்றார் மாயாண்டி. "இந்த மடுவத்துத் தராசு எந்தக் காலத்துல உள்ளதக் காட்டியிருக்கு? மூணு கிலோ சேத்துக்க. நீ நாப்பத்தஞ்சு."

"மாமா, இது புதுசு. நீங்க கொடி புடிச்சு வாங்குனதுதான். சீல் குத்தியிருக்கு, பாருங்க."

"அவங்க வாங்கிப் போட்டது அவங்களுக்குத்தான்டா நிறுக்கும்."

வீரய்யா சாக்கை அவிழ்த்தார். மாமாவோடு தர்க்கம் பண்ணி ஆகப்போவது என்ன?

மாயாண்டி சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவரும் மனைவி பேச்சியம்மாவும் கொழுந்து நிறுத்த காலமெல்லாம் சாக்குக்கு என்று, ஈரத்துக்கு என்று, ஒன்றுமில்லாததற்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் தோட்ட நிர்வாகம் கிலோக்கணக்கில் வெட்டியது. தராசு சொல்வதோடு மூன்றைக் கூட்டித்தான் லயத்து வரிசைவீடுகளில் எல்லோரும் மனக்கணக்குப் போடுவார்கள். முந்தின நவம்பரில் வேலைநிறுத்தம் செய்து புதிய மின்தராசை வாங்கினார்கள். முன்வரிசையில் நின்றவர் மாயாண்டி. தராசு மாறியது. மனக்கணக்கு மாறவில்லை.

வேறு தராசு கிளினிக்கில் இருந்தது. அது பிள்ளைத்தாய்ச்சிகளை நிறுக்கிற இடம். கலியாணமாகாத பெண் அந்தப் படி ஏறினால் சாயந்தரத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

ஆகவே பிரியந்தி மேலும் மூன்று கிலோ குறைக்க வேண்டியதாயிற்று. ஜூனில் சார் கேட்டபோது "நாப்பத்திநாலு சார்" என்றாள். தராசு காட்டியது நாற்பத்தொன்று. "இன்னும் ரெண்டுதான்" என்று அவர் உற்சாகப்படுத்தினார். அவள் முகம் ஒட்டிப்போனதைப் பார்த்தார். நல்ல பயிற்சி என்று நினைத்தார்.

வெயிலிலும் அவளுக்குக் குளிரெடுத்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. சரிவில் கூடையோடு ஏறும்போது கண் இருட்டியது. வலது தொடையிடுக்கில் ஒரு வலி வந்து தங்கியது. மலையில் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் எங்காவது ஒரு வலி இருக்கும். இது தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதம்தான் பேச்சியம்மா அவளைத் திரைக்குப் பின்னால் இழுத்துக் கேட்டாள்.

"நீ தூரமாகி எத்தன மாசம்டி?"

"நாலு."

"யாருடி அவன்?"

பிரியந்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது, கோபத்தோடு சிரிப்பும் வந்தது. "ஓடுறதுக்கே எனக்கு மூச்சு பத்தலம்மா. இதுல அவன் வேறயா? மாரியம்மா சத்தியமா யாருமில்ல. ஓடுற புள்ளைகளுக்கு நின்னுரும்னு சொல்லுறாங்க."

பேச்சியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயம் போன ஆறுதலில் அதற்குமேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கிளினிக் நர்சம்மாவிடம் போனால் தான் கேட்ட கேள்வியையே ஊரும் கேட்கும். ஆகவே போகவில்லை.

ஓகஸ்ட் 19 அன்று கண்டியில் ஓட்டம். ஒன்பதாவது சுற்றுவரை பிரியந்தி மூன்றாவதாக ஓடினாள். பத்தாவது சுற்றின் வளைவில் உடம்புக்குள்ளே பச்சைக் கிளை முறிகிறாற்போல ஒரு சத்தம் கேட்டது. விழுந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கால் அவளுடையதாக இல்லை.

தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று திருகாணி வைத்தார்கள். டாக்டர் ஜெயந்தினி அவளை நாற்காலித் தராசில் நிறுத்து, முப்பத்தொன்பது என்று எழுதினார்.

"சரியாப் பாருங்க டாக்டரம்மா, அவ நாப்பத்திரண்டு" என்றார் மாயாண்டி.

டாக்டர் இன்னொரு தரம் நிறுத்துக் காட்டினார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "பகல் முழுக்க மலை ஏறுறா, சாயந்தரம் ஓடுறா. அதுக்குத் தேவையானதுல பாதிகூட இவ சாப்பிடல. உடம்பு எங்கயாவது மிச்சம் பிடிக்கத்தானே பார்க்கும்? முதல்ல மாதவிலக்கை நிறுத்திச்சு. பிறகு எலும்புல கை வச்சிருக்கு. நாலு மாசம் நின்னப்பவே யாராவது கூட்டி வந்திருக்கணும்."

பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

செப்டம்பரில் வீட்டுக்கு வந்தார்கள். மடுவம் அவர்கள் லயத்துக்கு நேர் கீழே. ஒரு மாலை பிரியந்தி ஊன்றுகோலோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, டவுனிலிருந்து திரும்பிய அப்பா வீட்டுக்கு ஏறாமல் மடுவத்துக்குள் போவதைக் கண்டாள். கையில் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கொக்கியில் மாட்டினார். ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். அதை மாட்டி மற்றதை எடுத்துப் பார்த்தார்.

"பத்துக்கு மேல இருபது கிராம். அது பையோட எடை" என்றார் வீரய்யா. "இப்பவா மாமா பாக்கிறீங்க?"

மாயாண்டி பைகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தார். மகளுக்கு அருகில் வந்ததும் நின்றார்.

"நாந்தானேப்பா சாப்பிடாம இருந்தேன்" என்றாள் அவள்.

"நீ மே மாசமே சாப்பிட்டிருப்ப, தாயி" என்றார். அரிசியை உள்ளே வைத்துவிட்டு வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

ஆறு மாதத்துக்குள் ஓடத் தகுதி என்று டாக்டர் சான்று தந்தால் இன்னொரு தேர்வு வைப்பதாகக் கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள். கஜேந்திரன் சார் கேட்டு வாங்கிய சலுகை அது. அவர் வாரம் ஒருமுறை ஒரு தட்டு முட்டையோடு வந்து, உட்காராமல் திரும்பிப் போவார். பிரியந்தி ஒரு வாயும் மிச்சம் வைக்காமல் தின்றாள். ஜனவரியில் திரும்பவும் தூரமானாள். ஆனால் வலது தொடையெலும்பு ஒன்றரை சென்ரிமீற்றர் குறுகி ஒட்டியிருந்தது. பெப்ரவரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சான்று எழுதவில்லை.

அவளுடைய பெயரை நீக்கிவிட்டதாகச் சிங்களத்தில் எழுதிய கடைசிக் கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து சேர்ந்தது, 2024 மார்ச் 14, வியாழக்கிழமை.