ஒரே பக்கமாய்ச் சுற்றிய கோடுகள்

அருணாதேவிக்குக் கணினித் திரையைப் பார்க்கவே குமட்டியது. பௌர்ணமிக்கு மறுநாள் அடி அண்ணாமலைச் சாக்கடையை அடைத்துக் கிடக்கும் அன்னதானப் பாக்குமட்டைத் தட்டுகளைப் போல, சிப்பைச் சுற்றிய செப்புக் கோடுகள் ஒரே மூலையில் நெருக்கியடித்துக் கிடந்தன.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண். பெங்களூர் கம்பெனியில் வேலை. கணவர் மணிவேலுக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஆபீசுக்கு மாற்றலானதும் கிரிவலப் பாதையிலேயே, அடி அண்ணாமலையில் வீடு பிடித்து, மாடி அறையிலிருந்தே வேலை பார்த்தார். நகத்தளவு சிப்பின் முனைகளை, அது உட்காரும் பலகையின் முனைகளோடு கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒரு கோடு இன்னொன்றைத் தொடக் கூடாது. எது எந்த வழியாகப் போவது என்று தானே முடிவெடுக்கும் புரோகிராமை அவர்தான் எழுதினார். வாடிக்கையாளர் முன்னால் அது ஒருமுறை தோற்றாயிற்று. பாதிக் கோடுகள் வழி கிடைக்காமல் நின்றுவிட்டன. வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டிக் காட்டும்போதும் தோற்றால் புரோகிராமையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பெங்களூரில் உடன் வேலை செய்யும் சிந்துஜா அதே திரையைப் பார்த்துவிட்டுப் போனில் கேட்டாள்.

"அக்கா, எல்லாக் கோடும் ஏன் வலமாவே சுத்துது? இந்தப் பக்கம் திரும்புனா கிட்டக்கவே இருக்குதே?"

அருணாதேவி எழுதியதைத் திறந்து பார்த்தார். சிப் குறுக்கே வந்தால் எந்தப் பக்கம் சுற்றுவது என்ற கேள்வியே அதில் இல்லை.

"இடமா சுத்தலாம்னு எனக்குத் தோணவே இல்லடி."

"சிப்புக்குக் கிரிவலம் வுட்டுட்டீங்களா?"

தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டு பக்கத்தையும் அளந்து, நெரிசல் கம்மியான வழியை எடுக்கும்படி மாற்றினார். கோடுகள் போய்ச் சேர்ந்தன.

அதற்குள் மேலாளர் வல்லரசு காதுக்கு இந்தக் கதை போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அழைத்தார்.

"கிரிவலக் கதைய நீங்களே சொல்லுங்க அருணா. பின்னாடி கோபுரம் படம் வெச்சுக்கங்க. பூ ஜாஸ்தியா வெச்சுக்குனு உக்காருங்க. வெளிநாட்டுக்காரங்க சொக்கிப்போயிடுவாங்க."

சொல்லாவிட்டால் புரோகிராம் பிழைக்குமா என்பது தன் கையில் இல்லை என்றும் சொன்னார். சாப்பாட்டில் பல்லி கிடந்தது போலிருந்தது அருணாதேவிக்கு.

மாலைக் கூட்டத்தில் வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார். போன முறை ஒரே திசையில் சுற்ற விட்டிருந்தேன், தப்பு என்னுடையது, இப்போது இரண்டு பக்கமும் பார்க்கும் என்றார். வாடிக்கையாளர்கள் கொடுத்த புது சிப்பில் ஓட்டிக் காட்டினார். ஒரு கோடு கூட நிற்கவில்லை. எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

வல்லரசு அப்போதும் விடவில்லை. கோபுரப் படத்தைத் தானே போட்டு, கதையையும் தானே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அருணாதேவி இணைப்பைத் துண்டித்தார்.

மணிவேல் எட்டிப் பார்த்து என்னவாயிற்று என்று கேட்டார்.

"எடுத்துக்கிட்டாங்க," என்றார். "த்தூ."