செக்போஸ்ட் அக்காவின் விருந்தாளிப் பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'செக்போஸ்ட் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா; முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டம். அது அவருக்கும் தெரியும். "பின்னாடி பேசறப்பவும் அக்காவ விடாம சேத்துக்கிறீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்," என்பார்.

சிறு தொழில் செய்பவர்கள் தாங்களே இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள எங்கள் நிறுவனம் வசதி செய்து தருகிறது. தையல்காரரோ முடிதிருத்துபவரோ, படத்தை இழுத்துப் போட்டு, நாலு வரி ஒட்டி, 'வெளியிடு' என்பதை அழுத்தினால் கடை ஊருக்குத் தெரியும். மேலுக்கு எழுத்தும் படமுமாகத் தெரிவது உள்ளே வெறும் நிரல்தான். அதில் ஒவ்வொன்றுக்கும் சில பண்புகள் உண்டு: படத்துக்கு அகலம், இணைப்புக்குப் போக வேண்டிய முகவரி. பண்பின் பெயர், ஒரு சமக்குறி, பிறகு மேற்கோள்குறிகளுக்கு நடுவே அதன் மதிப்பு. அந்த இரண்டு மேற்கோள்குறிகளுக்கு இடைப்பட்ட இடம்தான் அக்காவின் ராஜ்ஜியம்.

ராஜ்ஜியம் சிறியது, பிரஜைகள் பொல்லாதவர்கள். அகலம் என்ற இடத்தில் ஒருவர் 'கொஞ்சம் பெருசா' என்று எழுதி வைத்திருந்தார். அது வெகுளித்தனம். இன்னொருவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், பார்க்க வருகிறவரின் கடவுச்சொல்லைத் திருடும் கட்டளையை வைத்திருந்தார். அதுவும் நடுநடுவே இடைவெளி விட்டு, பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாகக் கலந்து, மாறுவேடத்தில். அக்கா எழுதிய வடிகட்டி முதலில் வேஷத்தைக் கலைக்கும், அப்புறம் முகத்தைப் பார்க்கும். அறியாத முகமாக இருந்தால் மதிப்பைத் துடைத்து வெறுமையாக்கிவிடும்.

வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் கேட்டார்: "கெட்டதையெல்லாம் பட்டியல் போட்டுத் தடுத்தா போதாதாக்கா?"

"திருடன் பட்டியல் எழுத ஆரம்பிச்சா உன் ஆயுசு பத்தாதுப்பா. விருந்தாளி பட்டியல் எழுது. அதுல பேர் இல்லாதவன் எவனா இருந்தாலும் வெளிய நிக்கட்டும்."

நான் அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே ஒரு மாடி மேலே இருக்கிறேன். அதனால் இந்தக் கொள்கையின் மறுபக்கத்தையும் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு. அக்கா வீட்டில் விருந்தாளிப் பட்டியலும் கிடையாது, திருடன் பட்டியலும் கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே பெயின்ட் அடித்தபோதுதான் கவனத்துக்கு வந்தது. மின்மீட்டர் பார்க்க வந்தேன் என்றவர் உட்கார்ந்து தேநீர் குடித்து, தன் மகளின் படிப்பைப் பற்றி விரிவாகப் பேசி முடித்துக் கிளம்பும்போதுதான், அவர் போக வேண்டியது அடுத்த தெரு என்று தெரிந்தது. ஆயுள் உத்தரவாதம் என்று ஒருவர் சொன்னதை நம்பிக் குடை வாங்கினார். யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை.

பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். "ஆபீஸ்ல எறும்பு போனாக்கூட நிறுத்தி விசாரிக்கிற. வீட்டுக்குள்ள யானை வந்தா உக்காருங்கன்னு நாற்காலி போடற."

"சந்தேகத்தையெல்லாம் அங்கயே செலவழிச்சுட்டு வர்றேங்க. வீட்டுக்குன்னு மிச்சம் எங்க இருக்கு?"

இந்தக் கணவருக்கு ஒரு தம்பி. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். மேற்பார்வையாளரின் வாய்க்கும் அங்கிருந்த குளிருக்கும் ஒரே நாளில் முழுக்குப் போட்டுவிட்டு, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினார். கை சுத்தமான கை. அண்ணியின் பேச்சைக் கேட்டு எங்கள் நிறுவனத்திலேயே பக்கமும் அமைத்தார். தன் படத்தைப் போட்டு, அதன் கீழே பச்சை நிறத்தில் 'கூப்பிடுங்க' என்று பெரிதாக ஒரு பட்டன். எண்ணை எழுதினால் அழகு கெட்டுவிடும் என்பது அவருடைய கலைக்கொள்கை. எண் பட்டனுக்குள் இருக்கும். அழுத்தினால் அழைப்பு போகும். தயாரிக்கும்போது அழுத்திப் பார்த்தார், போனது. வெளியிட்டார்.

அதன்பின் எப்போது வந்தாலும் அக்கா கேட்பார்: "தொழில் எப்படிப் போகுது தம்பி?"

"ஓயாத வேலை அண்ணி. சாப்பிட நேரமில்ல."

அக்கா பூரித்துப்போய் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்தார்.

அதை நம்பித்தான், எங்கள் வீட்டு மெஷின் பாதியில் நின்று துணிகளை உள்ளே சிறை வைத்த வெள்ளிக்கிழமை, அலுவலகத்திலிருந்தபடியே அந்தப் பச்சைப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். பட்டன் பெண்ணைப் பெற்றவர் போலப் பொறுமையாக இருந்தது.

"அக்கா, உங்க கொழுந்தனோட பட்டனுக்கு உயிரே இல்ல."

"இருக்காதே. ஓயாத வேலைன்னானே?"

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்தார். முகவரிப் பண்பு இருந்தது, சமக்குறி இருந்தது. மேற்கோள்குறிகள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் எண் இல்லை.

அக்கா திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "இது என் வேலைதான்," என்றார்.

நடந்தது இதுதான். அந்தப் பட்டனைச் செய்த குழு புதிது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் பட்டியலில் இணையத்தள முகவரிக்கு இடமுண்டு, மின்னஞ்சலுக்கு உண்டு. தொலைபேசி எண் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வெளியிடும் கணத்தில் வடிகட்டி அதை அந்நியன் என்று கண்டு, சொல்லிக்கொடுத்தபடியே துடைத்துவிட்டது. பக்கத்தில் எண்ணையும் எழுதியிருந்தவர்களுக்கு நஷ்டமில்லை. அழகு பார்த்தவருக்குத்தான் அடி. வடிகட்டி ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான் கொடுமை.

அக்கா கணவருக்குப் போன் போட்டார். மறுமுனையில் பேருந்து நிலைய இரைச்சல்.

"ஓயாத வேலையா? ஒரு போன்கூட வரலையாம். தெரிஞ்சவங்க வீட்ல ரெண்டு மெஷின் பாத்ததோட சரி. திங்கக்கிழமை திரும்பக் கிடங்குக்கே போறான். மேற்பார்வையாளர் கால்ல விழாத குறையா கேட்டுட்டு வந்திருக்கான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவியாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

விஷயம் மேலாளர் வரை போயிற்று. நல்ல மனிதர், வழியும் சொன்னார். "அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வடிகட்டிய நிறுத்திடுங்களேன். அஞ்சு நிமிஷ வேலை."

"கொழுந்தனுக்கு ஒரு வாசல், ஊருக்கு ஒரு வாசலா சார்? நாளைக்கு எவனாவது அந்த வாசல் வழியா வருவான்."

உட்கார்ந்து எல்லோருக்குமாகப் புதிய விதி எழுதினார். தொலைபேசி என்று சொல்லிக்கொண்டு வந்தால் உள்ளே விடு. ஆனால் பின்னால் இலக்கங்கள் மட்டுமே இருக்கலாம், முன்னால் ஒரு கூட்டல்குறி போனால் போகட்டும். வேறு எது ஒட்டிக்கொண்டு வந்தாலும் துடைத்துவிடு. பிறகு தானே திருடனாக மாறி, எண்ணின் வாலில் கட்டளைகளைக் கட்டி அனுப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வாசலிலேயே விழுந்தது. சாயங்காலம் விதி அமலுக்கு வந்து, பழைய பக்கங்களும் எண்ணோடு மறுபடி வெளியாயின.

அக்கா நேரே கொழுந்தன் வீட்டுக்குக் கிளம்பினார். என் துணிகள் இன்னும் சிறையில் இருந்ததால் நானும் கூடப் போனேன். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவர் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கி, கிடங்கில் போடும் கம்பளிச் சட்டையை நாற்காலியில் விரித்து வைத்திருந்தார்.

"ஏன்டா ஓயாத வேலைன்னு பொய் சொன்ன?" உள்ளே நுழையும்போதே அக்கா கேட்டார்.

"நீங்க ஏன் அண்ணி நம்பினீங்க?"

அக்கா நாற்காலியிலிருந்த கம்பளிச் சட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கொழுந்தன் பெரிய கணக்குப் போடுகிறவர் போல விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இது என் ராசிக் கோளாறு இல்லையா?"

"ராசியும் இல்ல, மண்ணும் இல்ல. உன் நம்பர அழிச்சது நான்."

"ஐயோ அண்ணி! நான் ஜாதகத்த மாத்தற அளவுக்குப் போயிட்டேன்." சிரித்தவர் உடனே அடங்கினார். "இப்ப சரியாயிடுச்சு, சரி. இனிமே மட்டும் யாரு கூப்பிடுவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல. கிடங்குல ஒரு மாசம் தவணை கேளு. அதுக்குள்ள வரலைன்னா கம்பளிய நானே துவைச்சுத் தர்றேன்."

அவர் எங்கள் முன்னாலேயே மேற்பார்வையாளரை அழைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு அறை முழுக்கக் கேட்டது. இடையில் 'ஒரு மாசம்தான்' என்ற சொல்லும் கேட்டது. அன்றே என் துணிகளுக்கு விடுதலை கிடைத்தது.

அழைப்புகள் மழைபோல் கொட்டவில்லை. முதலில் ஒரு தவறான எண், அடுத்து ஒரு பிடிவாதக்காரப் பெரியவர், அவர் சொல்லி அவர் மாடிக்காரர்கள். மாதம் முடிவதற்குள் மேற்பார்வையாளர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டு இவர் வருத்தப்பட நேரமில்லாமல் இருந்தது, இந்த முறை நிஜமாகவே.

அக்கா வீட்டுக் கதவு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் கொழுந்தனுக்கு மட்டும் அங்கே சோதனை உண்டு. போன வாரம் நான் இருக்கும்போதே வந்தார்.

"வேலை எப்படி?"

"நல்லா போகுது அண்ணி."

"எங்க, போனக் காட்டு."

காட்டினார். அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு அண்ணி."

அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தட்டை எடுத்து வைத்தார்.