என் கண்ணாடி மட்டும் கடலுக்குப் போன நாள்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறேன். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்குவேன். வாலாஜாபாத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இதை இன்னமும் நம்பவில்லை.

இந்தப் பழக்கத்தைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவர் எங்கள் சூப்பர்வைசர்தான், அதை மறுக்கமாட்டேன். கோவளம் பக்கம் ஒரு பயிற்சிக்காரரைப் பிடித்தார், ஆள் சேர்த்தார், கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டு வரைக்கும் போக ஃபைபர் போட் பேசிவைத்தார். அதனாலேயே கடலும் தனக்குக் கீழே வேலை பார்க்கிறது என்கிற மாதிரி நடந்துகொள்வார்.

அவருக்குக் கார் இருந்தது. ஆனால் உப்புத்தண்ணி பட்டால் சீட் பாழாகிவிடுமாம். அதனால் எல்லாருடைய ஈர ஜாக்கெட்டும் துடுப்புக்காலணியும் ஈயக்கட்டி கோத்த பெல்ட்டும் என் ஸ்கூட்டரில்தான் வரும். படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் வண்டி முக்கிக்கொண்டு போகும். போட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறதே என்று நானும் சுமந்தேன்.

அன்றைக்குப் போய் இறங்கியபோது பிளான்ட் மேனேஜரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கடலுக்கு அடியில் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்க வேண்டுமாம். போட்டில் ஆள் நிறைந்துவிட்டது.

"நீ அடுத்த வாரம் வாம்மா. இன்னிக்கு கரையில பையெல்லாம் பாத்துக்கோ" என்றார் சூப்பர்வைசர்.

சொல்லிக்கொண்டே என் பையைத் திறந்து, நான் தண்ணீருக்கடியில் போடும் கண்ணாடியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். அது வாடகைக் கண்ணாடி அல்ல. எனக்குக் கிட்டப்பார்வை, என் கண்ணுக்கு ஏற்ற பவர் போட்டுச் செய்த முகக்கண்ணாடி.

"சார், அது பவர் கண்ணாடி."

"தண்ணிக்குள்ள இன்னா பெரிய பவர்? எல்லாம் தெரியும்."

போட் போய்விட்டது. நான் பைகளுக்கு நடுவில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த அந்த அம்மா, எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது, தலை சுற்றுகிறது என்றார். "இவளோட கண்ணாடி அப்படி மேடம், மட்டமான சரக்கு" என்று சொல்லிச் சிரித்தார் சூப்பர்வைசர். கண்ணாடியின் வார் அறுந்திருந்தது.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். திங்கட்கிழமை கேன்டீனில், "அலையப் பாத்ததும் நம்ம பொண்ணு மணல்லயே குந்திக்கினா, எழுந்துக்கவே இல்ல" என்று மேசை மேசையாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சாம்பார் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. இந்த ஆளைக் கடலை விட்டே துரத்துகிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

என் பக்கத்து ஸ்டேஷனில் வேலை செய்பவள் தூத்துக்குடிக்காரி. என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். அவள்தான் வழி சொன்னாள். "ஏட்டி, போட்டுக்காகத்தான அவன்ட்ட போய் நிக்க? திட்டு கரைக்குப் பக்கத்துலதான கெடக்கு. நாமளே துடுப்புப் போட்டுப் போனா என்ன?"

கழிமுகத்தில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு விடுகிறவரிடம் பழகினோம். முதலில் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றோம். ஒருமுறை கவிழ்ந்து சேற்றுத்தண்ணி குடித்தேன். உள்ளங்கை கொப்புளித்து, லைனில் கையுறை போடும்போதெல்லாம் எரிந்தது. எரியும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. பிறகு அலை தாண்டக் கற்றோம். பயிற்சிக்காரரே கூட வந்து, இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேர் மேலே கயாக்கில் காவல் இருக்க வேண்டும் என்று பழக்கிவிட்டார்.

அப்புறம் ஆள் பிரிக்க ஆரம்பித்தேன். போட்காரர் ஆள் நிறையாமல் எஞ்சினைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கேன்டீனில், பஸ்ஸில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். கயாக்கில் டீசல் நாற்றம் இல்லை, வாந்தி வராது, யாரும் அதட்டமாட்டார்கள் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஆள் இந்தப் பக்கம் வரும்போதும், சூப்பர்வைசர் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்த மாதிரி எனக்குள் சந்தோஷம்.

ஒரு ஞாயிறு அவருக்கு ஆளே சேரவில்லை. போட் மணலில் ஏறிக் கிடந்தது. புதுக் கேமராவோடு காரிலிருந்து இறங்கியவர், நாங்கள் சிலிண்டர்களைக் கயாக்கில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நானும் வரேம்மா. உன் பின்னாடி சீட்டு காலியாதான கீது?"

காலியாகத்தான் இருந்தது. என்னோடு துடுப்புப் போட வேண்டிய பெயின்ட் ஷாப் பெண் ஓ.டி.யில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

"காலியாதான் இருக்கு சார். உங்களுக்கு இல்ல."

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"தமாஷ் பண்ணாத."

"தமாஷ் இல்ல சார்."

அவர் குரல் தாழ்ந்தது. "நாளைக்கு லைனுக்கு வருவ இல்ல?"

"வருவேன் சார். காலை ஷிஃப்ட்டு."

இரண்டு பேர் தள்ள வேண்டிய கயாக்கைத் தனியாகத் தள்ளிக்கொண்டு அலையில் ஏறினேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும், முதல் அலை தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். அவர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஏறாமல் நின்றிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்றைக்குத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. பாறை இடுக்கில் ஒரு சிங்கமீன் செட்டையை விரித்து நின்றதாம். வேறு கயாக்கில் வந்து என்னோடு இறங்கிய தூத்துக்குடித் தோழி மேலே வந்து சொன்னாள். நான் பார்க்கவில்லை. கீழே இருந்த நேரம் முழுக்க அந்தக் கார் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு முக்குளிப்பையும் அந்த ஆள் தின்றுவிட்டார் என்று பிறகு தோன்றியது. அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் கோபம் வந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டரில் நான் பேசிக்கொண்டே வந்தேன். கேளம்பாக்கம் தாண்டியதும் தோழி சொன்னாள்: "நல்லாத்தான் குடுத்த. கொஞ்சம் வேற பேசுட்டி."

அவர் சும்மா விடவில்லை. மறுநாளே என்னைக் கனமான பிரெஸ் மெஷினுக்கு மாற்றினார். துடுப்புப் போட்ட கைக்கு அது பெரிய விஷயமாக இல்லை. என் வேலையில் குறை கண்டுபிடிக்க அவரும் பாடுபட்டார்; கிடைக்கவில்லை. கடல் பக்கம் அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

சில மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பிளான்ட்டுக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று லைன் முழுக்க ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் கையை நீட்டினார். முகத்தில் பழைய திமிர் இல்லை, கொஞ்சம் தயக்கம்கூட இருந்தது. நான் கையுறையைக் கழற்றவில்லை. இரும்புத் தகட்டை எடுத்து பிரெஸ்ஸுக்குள் வைத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். பிரெஸ் இறங்கியது. நிமிர்ந்தபோது அவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்.