அரைக்கும் அறையில் ஒரு பொன்துகள்

எங்கள் ஆய்வகத்தில் கல் அரைக்கும் அறையின் வாசலில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. உள்ளே போகிறவர்கள் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்கள் மேடம். அவர் தேடியது பூமியின் மேலோட்டுக்கும் கீழே, மேன்டில் பாறைக்குள் இருக்கும் தங்கத்தை. எரிமலைக் குழம்பு அங்கிருந்து பிய்த்துக்கொண்டு வந்த கற்கள்தான் எங்களுக்குக் கிடைக்கும். அவற்றின் தங்கம் கண்ணுக்கே தெரியாது. ஒரு மோதிரம் உரசினால் போதும், கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

அந்த ஆழத்தில் தங்கம் பெரும்பாலும் கந்தகம் கலந்த நுண்துளிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாறை கொஞ்சம் உருகினால் கந்தகம் குழம்பில் கரைந்து மேலே கிளம்பும். தங்கமும் கூடவே மூட்டை கட்டிவிடும். ஆனால் சில பாறைகள் உருகிய பிறகும் தங்கத்தை விடாமல் வைத்திருக்கும் என்பது மேடத்தின் கட்சி. வெளியூர்ப் பேராசிரியர்கள் சிரித்தார்கள். பல வருடம் அவரை அரித்த சிரிப்பு அது. கடைசியில் ஒரு கல்லில் தங்கம் எக்கச்சக்கமாகக் காட்டியது. சாலைக் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி லட்டு வாங்கினோம்.

லட்டு தீருமுன் மேடம் என்னிடம், "வெறும் படிகக்கல்லை அதே மெஷின்ல அரைச்சு, சலிச்சுப் பாரேன். மனசு கேக்க மாட்டேங்கறது" என்றார். தங்கமே இருக்கக் கூடாத அந்தக் கல்லிலும் தங்கம் காட்டியது. எங்கள் நகைகள் எல்லாம் டம்ளரில்தான் கிடந்தன. மேடத்தின் கை மெல்லக் கழுத்துக்குப் போனது. அவர் பழைய கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்து வீட்டு மருமகள். தாலியைக் கழற்றும் பேச்சே அந்த வீட்டில் கிடையாது. டம்ளர் சட்டத்தில் தாலியைச் சேர்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் குனிந்து சலித்தபோதெல்லாம் அந்தத் தாலிச் சங்கிலி சல்லடையில் உரசியிருக்கிறது.

மறுநாள் தாலிக்குப் பதிலாகக் கழுத்தில் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "மாமியார் எங்கிட்ட பேசறதை நிறுத்தியாச்சு. கொஞ்ச நாள் நிம்மதி, அல்லே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பார்க்க நன்றாக இல்லை. புதுச் சல்லடையில் சலித்து மறுபடி அளந்தோம். கல்லில் தங்கம் இல்லை என்றே சொல்லலாம்.

"இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமே மேடம்?" என்றேன்.

"வேண்டாம். கல்லு எப்பவோ விட்டுடுத்து. நானும் விட்டுடறேன்."

சிரித்தவர்கள் சொன்னதே சரி என்று அன்று மாலையே தன் பெயரில் எழுதி அவர்களுக்கு அனுப்பினார்.