முழங்கால் போடாத கோயில்பிள்ளை

பொழிச்சலூரில் இருக்கும் அந்தச் சின்னத் தேவாலயத்துக்கு ஜீவரத்தினம்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பவர், பெஞ்சு துடைப்பவர், மைக் கரகரத்தால் ஓடிப்போய் ஒயரை ஆட்டுபவர் எல்லாம் அவர் ஒருவரே. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது போதகர் பிரசங்கத்தைச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவதும் ஜீவரத்தினத்தின் வேலை. அறுபதை நெருங்கும் மனிதர். பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். சபையில் அவருக்குப் பயப்படாதவர் போதகர் ஒருவர்தான், அதுவும் சந்தேகமே.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க, பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரத்தடுப்பில் ஜனங்கள் வரிசையாக முழங்கால் போடுவார்கள். ஒரு வரிசை எழுந்ததும் அடுத்த வரிசையைக் கைகாட்டி அனுப்புவது ஜீவரத்தினம். முழங்கால் மடங்காதவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் போதகர் தட்டோடு இறங்கி வர, ஜீவரத்தினம் முன்னால் நடந்து யார் யார் என்று அடையாளம் சொல்வார். அவர் நின்ற இடத்தில் போதகரும் நிற்பார். அவர் தாண்டிய பெஞ்சைப் போதகரும் தாண்டிவிடுவார்.

இத்தனை பேரை அனுப்பிவைத்தவர், தான் போய் முழங்கால் போட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. வேலையாக இருக்கிறவனைப் பார்த்து நீ ஏன் வரவில்லை என்று யார் கேட்பார்கள்? ஒருவன் மேல் மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்கு வரக்கூடாது, முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று சின்ன வயதிலேயே அவர் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். ஒப்புரவாக அவருக்கு இஷ்டமில்லை. ஒப்புரவானதுபோல் நடித்துக் கை நீட்டவும் மனசு வரவில்லை. அந்த மட்டில் நேர்மையான மனிதர்தான்.

மனஸ்தாபம் தங்கை ஹெப்சியின் மகன் கிப்சன் மேல். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட ஜீவரத்தினத்துக்கு ஜோஷ்வா ஒரே மகன். ஒரு மழை நாளில் கிப்சன் பைக்கை ஓட்ட, ஜோஷ்வா பின்னால் உட்கார்ந்து போனான். பொத்தேரி தாண்டி லாரி இடித்தது. ஜோஷ்வா அங்கேயே போய்விட்டான். கிப்சன் காலுக்குள் கம்பி வைத்துப் பிழைத்துக்கொண்டான். தப்பு லாரிக்காரன் மேல் என்று எல்லோரும் சொன்னார்கள். லாரிக்காரன் முகம் ஜீவரத்தினத்துக்குத் தெரியாது. கோபம் தெரிந்த முகத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அடக்கத்துக்கு அழுதுகொண்டு வந்த தங்கையிடம், "உன் புள்ள உயிரோட கீறான்ல, போ" என்றார். அவள் குடும்பத்தோடு குன்றத்தூர்ப் பக்கம் குடிபோய்விட்டாள்.

ஒருமுறை போதகர் யோபுவைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபு, இழந்ததையெல்லாம் திரும்பப் பெற்ற கதை. ஆராதனை முடிந்து பாயைச் சுருட்டும்போது ஜீவரத்தினம் கேட்டார்.

"யோபுக்கு ஆடு, ஒட்டகம்லாம் டபுளா வந்துச்சு. புள்ளைங்க மட்டும் இன்னாத்துக்கு ஐயா அதே பத்து?"

"செத்துப்போன பத்துப் பேரும் ஆண்டவர்கிட்ட இருக்காங்க இல்லையா? அவங்களையும் சேர்த்தா இருபது. கணக்கு சரியா வருது, ஜீவரத்தினம்."

"கணக்கு சரிதான் ஐயா. வூடுதான் காலியா கீது."

போதகர் குனிந்து பாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார்.

இந்த நிலையில்தான் ஒரு திருவிருந்து ஞாயிறன்று கிப்சன் தனியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். முழங்கால் போட அவனால் முடியாது. கடைசியில் போதகர் தட்டோடு இறங்கினார். கிப்சன் இடது உள்ளங்கை மேல் வலது உள்ளங்கையை வைத்து விரித்துக் காத்திருந்தான். ஜீவரத்தினம் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாண்டினார். போதகரும் பின்னாலேயே தாண்டினார். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கை விரித்தபடியே இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டுப் பந்தியில் ஒருவனுக்கு இலை போடாமல் விட்டால் அது அவர் பாடு. இது அவர் வீட்டுப் பந்தி இல்லையே. தன் கோபத்துக்கு ஆண்டவருடைய அப்பத்தை நிறுத்திவிட்டோமே என்று அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. பயத்தோடு கூடவே, அந்த விரித்த கையும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதமும் கிப்சன் வந்தான். மணிக்கயிற்றைப் பிடித்திருந்த ஜீவரத்தினம் அவனைப் பார்க்காமலே கேட்டார்.

"மறுபடி இன்னாத்துக்கு வந்த?"

"போன மாசம் கிடைக்கல மாமா. அதான்."

குத்திக்காட்டும் குரல் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் சொல்வதுபோல்தான் சொன்னான். ஜீவரத்தினம் மணியை வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்துக்கொண்டிருந்தார்.

திருவிருந்து தொடங்கி முதல் வரிசை எழுந்ததும், அவர் அடுத்த வரிசைக்குக் கைகாட்டவில்லை. போதகரின் அறைக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மரத்தடுப்பின் ஓரத்தில் போட்டார். நேரே கடைசி பெஞ்சுக்கு நடந்தார்.

"எய்ந்து வா."

"கால் மடங்காது மாமா."

"தெரியும். வா."

கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். அதோடு தன் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவருக்கும் மூட்டு நன்றாகத்தான் வலித்தது. கிப்சனுக்கு அடுத்து அப்பத்தை வாங்கி வாயில் போட்டதும், அடக்கத்தன்றுகூட அழாத மனிதர், தடுப்பில் தலையைச் சாய்த்துக் குலுங்கி அழுதார்.

பின்னால் ஒரே குழப்பம். அனுப்ப ஆளில்லாமல் இரண்டு வரிசை ஒன்றாக எழுந்து நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. போதகர் தட்டோடு ஜீவரத்தினத்தைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. கிப்சன்தான் நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, ஒரு வரிசையைக் கையமர்த்தி உட்காரவைத்து, மற்ற வரிசையை வரச் சொல்லிக் கைகாட்டினான்.