படிவத்தில் இரண்டு பேர்

மொன்றியலுக்கு வந்த புதிதில், பிரெஞ்சுப் படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று எனக்கொரு பேர் இருந்தது. கொழும்பில் மாலை வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சுதான். நாங்கள் குடியிருந்த கோத்-தெ-நேஜ் பகுதியில் எங்கள் ஆட்களுக்கு நடுவில் அதுவே பெரிய படிப்பு. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தேத்தண்ணி வந்து குடித்து முடியும்வரை உறையைத் திறக்காமல் நானும் கொஞ்சம் பந்தா காட்டுவேன்.

அந்தப் பழைய பேரை நம்பித்தான் போன சித்திரையில் அண்ணையின் மகள் என்னைக் கர்க்லாண்டில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் என்னோடு ஒரே அறையில் படுத்தெழும்பிய மன்னார்க்காரர். கோத்-தெ-நேஜ் வாடகை வீட்டில் இருந்த எங்கள் ஐந்து பேரில் மூத்தவர், சமையலும் அவர்தான். போன மாரியில் காலமாகிவிட்டார்.

அவளுடைய புருசன் கியூபெக்காரன். அவன் தாய் கொடுத்துவிட்ட தடித்த புத்தகம் ஒன்று மேசையில் கிடந்தது. ஆற்றங்கரையில் காடு வெட்டிக் குடியேறிய முதல் குடும்பங்களைப் பற்றி அவர்களுடைய பங்குக் கோயில் வெளியிட்டது. பக்கத்தில் பழைய குடிசன மதிப்பீட்டுத் தாள்களின் பிரதிகள். வீட்டுத் தலைவன், மனைவி, பதினொரு பிள்ளைகள், வயது, சமயம், தொழில், வாசிக்கத் தெரியுமா இல்லையா. மாடு பார்க்க வந்து நின்ற கூலியாளைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள்.

"சித்தப்பா, இவரின்ரை பக்கம் பதின்மூண்டு தலைமுறை இருக்கு. எங்கடை பக்கம் அப்பாவோடை நிக்குது. அதுதான் நானும் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுறன்," என்று கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

முதல் வரியே இதுதான்: என் அப்பா இங்கே வந்த வருடமே குடிசன மதிப்பீட்டில் எண்ணப்பட்டார்.

"அப்பா எப்பவும் பெருமையாச் சொல்லுற கதை. தொண்ணூற்றிரண்டு வருசம் கழிச்சு அந்தத் தாளுகளைத் திறந்து காட்டுவினமாம். என்ரை பேரப்பிள்ளையள் பாப்பினம். நீங்கள்தானே நிரப்பினது? வேறை என்னென்ன கேட்டவை எண்டு சொல்லுங்கோவன்."

நிரப்பியது நான்தான், முப்பத்தைந்து வருடத்துக்கு முன், அந்தக் கோத்-தெ-நேஜ் வீட்டில்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் என்று இருந்தது. நாங்கள் ஐந்து பேர். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரையும் எழுதுங்கள், யாருக்கும் காட்ட மாட்டோம் என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. அதை வாசித்து விளங்கிக்கொண்டவனும் நான்தான், நம்பாதவனும் நான்தான். கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தபோது, அங்கே இருப்பவர்களின் பட்டியல் பொலிசுக்குப் போகும். பட்டியல் போன மூன்றாம் நாள் ஜீப் வரும். வீட்டில் எத்தனை பேர் என்று எவன் கேட்டாலும் குறைத்துச் சொல்லு என்று பழகிய புத்தி அது. பேனையை எடுத்து இரண்டு பேரை எழுதி, உறையை ஒட்டினேன். கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணை அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அகதி வழக்கு அப்போது இழுபட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, என்ரை பேரையும் போட்டனியோ?"

"போட்டனான் அண்ணை."

"ஊரிலை ஞானஸ்நானம் எழுதின கோயில் புத்தகத்திலை இருக்கிறன். இஞ்சை ஒரு புத்தகத்திலையும் இல்லையெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். இனிப் பரவாயில்லை."

விளங்கப்படுத்தப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் சொன்ன பொய். அவரோ அந்த உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழைக்குள் நடந்துபோய்த் தானே தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு அவருக்கு எல்லாம் கிடைத்தது. குடியுரிமை, வேலை, வீடு, பிள்ளைகள். ஆனாலும் கலியாண வீடோ ஞானஸ்நான வீடோ, நாலு பேர் கூடினால் அந்தக் கதை வந்துவிடும். "நான் வந்த வருசமே என்னை எண்ணிப்போட்டாங்கள், கேளுங்கோ இவனை," என்பார். நானும் தலையாட்டுவேன். தலையாட்டித் தலையாட்டி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இப்போது சும்மா இருந்தாலும் யாருக்கும் தெரியவராது. தாளைத் திறக்க இன்னும் ஐம்பத்தேழு வருடம் கிடக்கிறது, நான் மண்ணோடு மண்ணாகியிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஒரு பேரப்பிள்ளை தேடும். தெரு இருக்கும், வீட்டு இலக்கம் இருக்கும், அண்ணை இருக்க மாட்டார். கிழவர் பொய் சொல்லியிருக்கிறார் என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். லொட்ஜ், ஜீப், ஒப்பந்தம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினை பேரை எழுதினீங்கள்?"

"ரெண்டு."

"ஒண்டு வீட்டை வாடகைக்கு எடுத்தவர்."

"ஓம்."

"மற்றது?"

ஒப்பந்தத்தில் இரண்டாவது ஆளுக்குப் பேர் கிடையாது. மிச்சம் நாலு பேரில் யாரையும் எழுதியிருக்கலாம். மூத்தவரை எழுதியிருக்கலாம். இந்த முப்பத்தைந்து வருடத்தில் நான் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"நான்," என்றேன்.

அவள் திட்டவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கணினியைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியை அழித்துவிட்டு, கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு பிரெஞ்சிலேயே வாசித்துக் காட்டினாள். அந்த வருடம் என் அப்பா அந்த வீட்டில் இருந்தார். எண்ணப்பட்டதாகவே கடைசிவரை நம்பினார். படிவத்தை நிரப்பியவர் அப்பாவை விட்டுவிட்டுத் தன் பெயரை எழுதினார். இதை அவரே எனக்குச் சொன்னார்.

"பிரெஞ்சு சரியோ சித்தப்பா?"

"சரி."

"அவர் எண்டு போட்டிருக்கிறன். உங்கடை பேரைப் போடட்டோ?"

"போடு பிள்ளை."

அவளுக்கு நான் எப்போதும் சித்தப்பாதான், முழுப்பேர் தெரியாது. விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.